மூவகைக் கணிப்பொறிகளும் ஒரே சர்வரும்

ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவினர் விண்டோஸையும், படம் வரைவோர் மாக் கணிப்பொறியையும், ஏனையோர் லினக்ஸையும் கையாளுகின்றனர் எனக் கொள்க. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இனத்தைச் சேர்ந்ததே. இவர்கள் அனைவரும் ஒரே பதிவேட்டைச் சர்வரிலிருந்து எடுத்துத் திருத்துவது எவ்வாறு?

கம்பி வழியே செய்தி செல்வதில் இடையூறு இல்லை. மூன்று முறைகளும் டி.சி.பி./ஐ.பி. விதிகளை அறிந்தவையே. "இக்கோப்பைத் திற; திருத்தி முடிக்கும்வரை பிறரை எழுதவிடாதே" என்று கேட்பதற்குரிய பொதுமொழியே வேண்டப்படுவது. எஸ்.எம்.பி. என்பது அத்தகைய மொழி. 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பாரி ஃபைகன்பாம் இதனை வகுத்தார். பின்னர் மைக்ரோசாஃப்ட் இதனை விரிவாக்கியது. கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்பியில் செல்லும் செய்திகளைக் கவனித்தே அதன் இலக்கணத்தை ஊகித்து, 1992இல் யூனிக்ஸ் பொறிக்கு ஒரு நிரலை வெளியிட்டார். அதுவே சாம்பா. எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் வரிசையாய் அமைந்த சொல்லை அகராதியில் தேடிக் கண்டெடுத்த பெயர் அது! மாக் முறையும் 2013 முதல் எஸ்.எம்.பி.யையே முதன்மையாகக் கொண்டுள்ளது. ஆகவே லினக்ஸ் சர்வரில் சாம்பாவை நிறுவினால் மூவகையினருக்கும் அது போதும்.

எனினும் சில நுட்பங்கள் உள. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு. விண்டோஸ் வழக்கமாக அவற்றை ஒன்றாகவே கொள்ளும். முக்காற்புள்ளி, கேள்விக்குறி ஆகியவை விண்டோஸ் கோப்புப் பெயரில் இடம்பெறா. தமிழ்ப் பெயரிலும் ஒரு விந்தை உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். மாக்கின் பழைய கோப்பு முறை பிரித்தே சேமித்தது. அவ்வாறு வந்த பெயர் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் லினக்ஸுக்கு வேறு கோப்பே.

பூட்டு இன்னும் முக்கியமானது. ஒருவர் எஸ்.எம்.பி. வழியாகவும் மற்றவர் என்.எஃப்.எஸ். வழியாகவும் ஒரே கோப்பைத் திறப்பின், ஒருவர் இட்ட பூட்டை மற்றவர் மதியாதிருத்தல் கூடும். ஒரு நாளைய உழைப்பு அழிந்தபின்னரே பிழை தெரியும். எல்லோரையும் ஒரே வழியில் வரச் செய்வதே தக்கது.

எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பை மூடிவிடல் வேண்டும். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை, விண்டோஸில் அப்பதிப்பை அமைத்ததிலிருந்த குறையின் வழியாகவே கணிப்பொறிகளுள் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. அதற்குரிய திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. ஆயினும் பலர் அதை இட்டிலர். சாம்பா 2019இல் வந்த 4.11 முதல் அப்பதிப்பை இயல்பாக மூடியே வைத்துள்ளது. பழைய ஸ்கேனர்கள் சில முதற் பதிப்பையே அறியும். ஒரு ஸ்கேனரின் பொருட்டுச் சர்வர் முழுவதையும் திறந்து வைப்பது முறையன்று, அதனை யு.எஸ்.பி. கம்பியால் ஒரு கணிப்பொறியுடன் இணைத்து, படங்களை அங்கிருந்து சர்வருக்கு அனுப்பலாம்.