உங்களுக்குத் தெரியுமா? இரணைமடுவும் கிளிநொச்சியும்

இலங்கையின் வடக்கிலுள்ள கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான். அதுவரை அது யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது. பக்கத்து முல்லைத்தீவு 1978இலேயே தனி மாவட்டமாகிவிட்டது.

ஆனால் இந்த மண்ணின் கதை குளத்தில் தொடங்குகிறது. வவுனியாப் பக்கக் காடுகளில் பிறக்கும் கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடிச் சுண்டிக்குளம் கடனீரேரியில் கலக்கிறது. அந்த ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் ஆரம்பமானது. ‘இரணை’ என்றால் இரட்டை. மடு என்றால் ஆழமான நீர்நிலை. இரண்டு மடுக்கள் சேர்ந்த இடம். வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இதுவே. இதன் தண்ணீரை நம்பித்தான் 1936இல் யாழ்ப்பாணத்துக் காணியில்லாத குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேறின; வயலோடு நகரமும் வளர்ந்தது.

மாங்குளம், புளியங்குளம், விசுவமடு என்று கிளிநொச்சியும் அடங்கிய வன்னிப் பகுதியின் ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். எத்தனை பெயர்களில் தண்ணீர் நிற்கிறது!