உங்களுக்குத் தெரியுமா? பழஞ்சேலைச் சேதிகள்

திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கம் டிவிஎஸ் வண்டியில் தெருத்தெருவாக வந்து, "ஆச்சி, பழைய பட்டுச்சேலை கெடக்கா?" என்று கேட்பவர் அதைக் கட்டுவதற்கு வாங்குவதில்லை. எரிப்பதற்கு வாங்குகிறார். கரையையும் முந்தியையும் கிழித்துக் கொளுத்தி, சாம்பலை உருக்கினால் வெள்ளி தேறும். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. காஞ்சிபுரம் பட்டின் புவிசார் குறியீட்டு விதிப்படி சரிகையில் 57 விழுக்காடு வெள்ளியும் 0.6 விழுக்காடு தங்கமும் இருக்க வேண்டும். நெசவாளர் கணக்கில் ஒரு மார்க் சரிகை 242 கிராம். அதாவது மார்க்குக்கு ஏறக்குறைய 138 கிராம் வெள்ளி. வியாபாரி எவ்வளவு கொடுக்கிறார் என்று நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். விற்கிறவரைக் குறை சொல்லவில்லை, அவசரத்துக்குக் காசு வேண்டும்தான். ஆனால் அந்த நெருப்பில் போவது வெள்ளி விலை போடவே முடியாத சங்கதி: மயில்கண், ருத்ராட்சம், வைர ஊசி, பாலும் பழமும் என்று பெயர் வைத்து நெய்த கரைகளும் கட்டங்களும். பழைய கரை ஒன்று எரிந்துபோனால் அதன் மாதிரியும் அதோடு போகலாம்.

*

சரிகை அசலா என்று பார்க்க உரைகல் தேவையில்லை. முந்தியின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஓர் இழையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளையாகவோ நைலான் போலவோ தெரிந்தால் சந்தேகம்தான். நடுச்சேலையில் சுரண்டிவிடாதீர்கள், பிற்பாடு யாரும் அதைத் தைத்துத் தர மாட்டார்கள்.

*

இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் வழிவந்த ஆட்சியில் இருந்தது. அந்தத் திருவிதாங்கூரில்தான், ஒரு பெண் மேலுக்கு என்ன உடுத்தலாம் என்பதை அரசு உத்தரவு தீர்மானித்தது. தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காக அடியும் உதையும் பட்டுப் போராடினார்கள். 1859 ஜூலை 26-இல் மன்னர் உத்திரம் திருநாள் வெளியிட்ட அறிவிப்பு அவர்கள் மார்பை மறைக்க அனுமதித்தது. அதிலும் ஒரு வம்பு: மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது! ஆகவே அந்தக் காலத்து ரவிக்கை ஒன்று யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடைத்தால் அதைத் துணி என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம்.

*

ரவிக்கையைச் சேர்த்து வைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது கொக்கியைக் கழற்றுவது. இரும்புக் கொக்கி ஈரத்தில் துருப்பிடித்து, தைத்த இடத்தைச் சுற்றிப் பழுப்பு வட்டம் போடும். பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த வட்டம் அப்படியே ஓட்டையாகிவிடும். கழற்றிய கொக்கியைத் தூக்கிப் போடாமல் சின்னத் தாளில் மடித்துத் தனியே வையுங்கள். கொக்கியா, பிரஸ் பட்டனா, முன்முடிச்சா என்பதும், கைத்தையலா மெஷின் தையலா என்பதும் உடுப்பின் வயதைச் சொல்லும்.

*

குற்றாலத்தில் சாரல் என்றால் நமக்குக் கொண்டாட்டம், சேலைக்குத் திண்டாட்டம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் மூடிய பீரோவுக்குள்ளேயும் பூஞ்சை பிடிக்கும். கிழக்கே திருவேங்கடம் கரிசல் காடு, சாரல் எட்டிப் பார்ப்பதோடு சரி. மழை அங்கே பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். ஒரே மாவட்டம்தான், ஆனால் பெட்டியைத் திறந்து காற்றாட விட வேண்டிய மாதம் ஊருக்கு ஊர் வேறு. தையும் மாசியும் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். வெயிலில் அல்ல, தாழ்வாரத்து நிழலில்.

மடிப்பை மாற்றாமல் வைத்த பட்டு, மடித்த கோட்டிலேயே இற்றுப்போகும். சரிகை தகடு என்பதால் அது இன்னும் சீக்கிரம் முறியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றுங்கள். அதைவிட நல்லது, துணி சுற்றிய உருளையில் சுருட்டி வைப்பது. கடையில் தந்த பிளாஸ்டிக் கவர் ஆகாது, உள்ளே ஈரம் தங்கும். கஞ்சி போடாத, நன்றாக அலசிய பழைய வெள்ளை வேட்டி போதும். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. அந்துருண்டையைச் சரிகை மேல் போடாமல் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். வசம்பும் வேப்பிலையும் நல்லதுதான், ஆனால் சருகாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை இலை கறை போடும்.

*

கறுத்த சரிகையைப் புளி போட்டுத் தேய்ப்பது குத்துவிளக்குக்குச் சரி. சேலையில் அது தங்க முலாமைத்தான் முதலில் தின்னும். கறுப்பு என்பது வெள்ளியும் காற்றில் உள்ள கந்தகமும் சேர்ந்து உண்டானது. கறுத்தே இருந்தாலும் சேலைக்கு ஒரு மோசமும் இல்லை. அறுபது வயதுச் சேலையைப் 'பாலிஷ்' போடக் கொடுப்பதும் வேண்டாத வேலை. சூட்டு உருளையின் அழுத்தத்தைப் புதுப்பட்டு தாங்கும், பழம்பட்டு தாங்காது.

*

கிழிசலைத் தைக்க உறுதியான நூல்தானே நல்லது? இல்லை. பழந்துணியைவிடத் தைத்த நூல் வலுவாக இருந்தால், இழுபடும்போது நூல் அறாது, துணிதான் அறுந்துபோகும். அருங்காட்சியகங்களில் கிழிந்த இடத்துக்குப் பின்னால் அதே நிறச் சாயமிட்ட மெல்லிய பட்டை வைத்து, ஒற்றைப் பட்டிழையால் தளர்த்தியாகப் பிடித்துத் தைப்பார்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் வேலைப்பாடு அதிகம். பசை, இஸ்திரி போட்டு ஒட்டும் துணி இரண்டும் கூடவே கூடாது. பிய்ந்த இழையை இழையோடு கோத்து, தைத்த சுவடே இல்லாமல் ரஃபு செய்வதில் உத்தரப் பிரதேசத்து நஜிபாபாத்காரர்கள் பேர்போனவர்கள்.

*

பாட்டியின் பருத்திச் சேலை சற்று முரடாக இருந்ததற்குத் தறி மட்டும் காரணமில்லை. திருவேங்கடம், கோவில்பட்டிக் கரிசலில் அன்று விளைந்தது பெரும்பாலும் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி, இழை குட்டை. கோவில்பட்டியில் 1901-இலேயே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை வந்துவிட்டது. கம்போடியாப் பருத்தியும் அடுத்த சில ஆண்டுகளில் இறங்கியது. நூல் மெலிந்தது, சேலையும் மெலிந்தது.

*

அரியலூர் மாவட்டத்துக் கொடாலிக் கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரண்மனைக்காக ஒரு சேலை நெய்தார்கள். பருத்தியோடு சரிகையைப் பூவேலையாக நெய்து, மேலே மெழுகு தடவிக் கையால் வரைந்து, சாயம் ஏற்றுவார்கள். சிவப்புக்கு அடியில் பொன் மினுங்கும். தறியும் தூரிகையும் சேர்ந்து உழைத்த அந்தச் சேலை, அரண்மனை போனதும் தானும் போனது. இன்று பார்க்க வேண்டுமானால் அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகம், இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று போக வேண்டும்.

*

தொப்பி பக்கம் கொஞ்சம். குற்றாலத்துக்குக் காற்று வாங்க வந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகளும் துரைமார்களும் வெயிலுக்கு அணிந்த சோலா தொப்பி, தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் பயன்படும் அதே நீர்ச்செடியின் தண்டில் செய்தது. லேசானது, ஆனால் பூச்சிக்கு நல்ல தீனி. சீமையிலிருந்து வந்த பெண்கள் தொப்பியிலோ கொக்கின் இறகு இருக்கும். எடைக்கு எடை தங்கத்தைவிட அதன் விலை கூடுதலாக இருந்த காலம் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில்தான் அந்த இறகு முளைக்கும் என்பதால் தாயைக் கொன்றால் குஞ்சும் சாகும். இந்திய அரசு 1902-இல் இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இங்கிலாந்தின் பறவைப் பாதுகாப்புச் சங்கமும் இந்த இறகு மோகத்தை எதிர்த்து 1889-இல் பெண்கள் தொடங்கியதுதான்.

ரோமத்தில் செய்த பழைய ஃபெல்ட் தொப்பியை வெறுங்கையால் தொட்டுத் தட்டாதீர்கள். ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் போட்ட காலம் ஒன்று இருந்தது. அது இன்னும் உள்ளே இருக்கலாம்.

*

மேல்நாட்டில் 1900-ஐ ஒட்டித் தைத்த பட்டுக் கவுன்கள், யாரும் தொடாமல் பெட்டியில் கிடந்தே கீற்றுக் கீற்றாகக் கிழிகின்றன. பட்டை எடைக்கு விற்றதால், எடையைக் கூட்ட வெள்ளீய, இரும்பு உப்புகளில் முக்கி எடுத்தார்கள். உப்பு இழையை அரித்துவிட்டது. இதற்கு மருந்தே கிடையாது.

*

பழஞ்சேலை எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: நம் பக்கத்துச் சேலை வேண்டுமானால் வீரவநல்லூர் செடிபுட்டாவைத் தேடுங்கள். சௌராஷ்டிர நெசவாளர்கள் செயற்கைப் பட்டும் பருத்தியும் கலந்து நெய்வது, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பழைய உருப்படி வீட்டுப் பெட்டிகளில் இன்னும் இருக்கிறது. பட்டு வேண்டுமானால் கோயில்களில் அம்மனுக்குச் சாத்திய சேலைகளை ஏலம் விடும் நாளைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சந்தனமும் குங்குமமும் பட்ட கறை இருக்கும், பார்த்து எடுக்க வேண்டும். எடுத்தால் ரசீதையும் வாங்கிச் சேலையோடு வையுங்கள். ஐம்பது வருடம் கழித்து, சேலைக்கு வயது சொல்லும் சாட்சி அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றுதான்.