பிடித்தால் போகும் வலி. பிடிக்கக் கூடாத வலி!

"அம்மா, காலை நீட்டு. கொஞ்சம் எண்ணெய் போட்டுப் பிடித்து விடுகிறேன்."

பொழுது சாய்ந்தால் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. நாள் முழுவதும் நின்று வேலை செய்த அம்மாவுக்கு மகள் கால் பிடித்து விடுகிறாள். சிறிது நேரத்தில் அம்மா கண் அயர்ந்து விடுகிறாள்.

கையால் பிடித்து வலியைப் போக்கும் இந்த முறைக்குச் சித்த வைத்தியத்தில் ஒரு பெயர் உண்டு. அதுதான் "தொக்கணம்". சித்த வைத்தியத்தில் புற மருத்துவ முறைகள் 32. அவற்றில் தொக்கணமும் ஒன்று.

பாளையங்கோட்டையில் 1964-ம் ஆண்டு அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது. சென்னை தாம்பரம் சானடோரியத்தில் 2005-ம் ஆண்டு தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களில் தொக்கணத்தைப் பாடமாகவே படிக்கிறார்கள்.

சரி, முதல் தடவை போகிறீர்கள். அங்கே என்ன நடக்கும்?

முதலில் கேள்வி!

போனதும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க மாட்டார்கள். வைத்தியர் நாடி பார்ப்பார். ரத்த அழுத்தம் பார்ப்பார். வலி எங்கே, எத்தனை நாளாக என்று கேட்பார்.

சர்க்கரை வியாதி உண்டா? அறுவைச் சிகிச்சை நடந்ததா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்களா? இவை எல்லாம் தெரிய வேண்டும். ஒன்றையும் மறைக்காதீர்கள்.

வயிறு நிறையச் சாப்பிட்டு விட்டுப் போகாதீர்கள். வலி உள்ள இடத்தில் மட்டும் துணியை விலக்கினால் போதும். பெண்கள், பெண் ஒருவரே பிடித்து விட வேண்டும் என்று கேட்கலாம். அதில் கூச்சம் வேண்டாம்.

ஒன்பது வகை

எண்ணெய் இல்லாமலும் தொக்கணம் உண்டு. எண்ணெய் போட்டும் உண்டு. வாத வலிக்கு உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் போன்றவற்றை எடுப்பார்கள். எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்குவார்கள்.

தொக்கணம் ஒன்பது வகை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்! ஒன்பதையும் ஒரே ஆளுக்குச் செய்ய வேண்டும் என்பதில்லை. வலிக்குத் தக்கபடி வைத்தியர் தேர்ந்தெடுப்பார். இறுகிப் போன தோளை முதலில் மெதுவாகத் தடவிப் பதப்படுத்துவார்கள். பிறகு விரலால் பிடித்து அழுத்துவார்கள். கையை மெல்ல இழுத்து, மூட்டை அசைத்து விடுவார்கள்.

"நன்றாக வலித்தால்தான் நன்றாகக் கேட்கும்" என்று சிலர் பல்லைக் கடித்துக் கொள்வார்கள். அது தவறு. லேசான வலி இருக்கலாம். சுரீர் என்று குத்தினாலோ, கை கால் மரத்தாலோ உடனே, "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள்.

முடிந்ததும் சற்று நேரம் படுத்திருங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பிறகு வெந்நீரில் பயற்றம் மாவு தேய்த்துக் குளிக்கலாம். மறுநாள் அடித்துப் போட்டாற் போல இருக்கலாம். ஓரிரு நாளில் அது சரியாகி விடும்.

இடுப்பு வலி, கழுத்துப் பிடிப்பு, தோள் இறுக்கம் இவற்றுக்குத் தொக்கணம் சுகம் தரும். நல்ல தூக்கமும் வரும். ஆனால் முறிந்த எலும்பை இது ஒட்ட வைக்காது. சர்க்கரை வியாதியை விரட்டாது. அப்படிச் சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

கை வைக்காதீர்கள்!

காய்ச்சல், எலும்பு முறிவு, ஆறாத புண், தோல் சிவந்து வீங்கிய இடம் - இங்கெல்லாம் பிடிக்கக் கூடாது.

சர்க்கரை வியாதி உள்ளவருக்குப் பாதத்தில் சூடு தெரியாமல் போயிருக்கலாம். எண்ணெய் கொதித்தாலும் அவர் "சுடுகிறது" என்று சொல்ல மாட்டார். அதனால் உங்கள் கையில் விட்டுப் பார்த்த பிறகே அவர் காலில் தடவுங்கள்.

இடுப்பு வலியோடு கால் பலம் இழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, தைலம் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சை, பிரசவம், நீண்ட நாள் படுக்கை, நெடும் பயணம் - இவற்றுக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்குகிறது. கெண்டைச் சதை வலிக்கிறது. தொட்டால் சுடுகிறது. உள்ளே ரத்தம் உறைந்து நாளத்தை அடைத்திருக்கலாம். அந்தக் காலைப் பிடித்து விட்டால், உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலை அடைக்கக் கூடும். உயிருக்கே ஆபத்து! டாக்டரிடம் அன்றே காட்டுங்கள். மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்று மாலையும் மகள், "காலை நீட்டு அம்மா" என்பாள். நீட்டட்டும். எண்ணெயைத் தொடுமுன் இரண்டு கால்களையும் ஒரு முறை உற்றுப் பார்க்கட்டும். இரண்டும் ஒன்று போல இருந்தால், அன்போடு பிடித்து விடட்டும். ஒன்று மட்டும் வீங்கியிருந்தால், எண்ணெயை மூடி வைத்து விட்டு, அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போகட்டும்!