கேட்பது காதா, விலைச்சீட்டா?

ஹெட்ஃபோனுக்கும் அதை இயக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் லட்ச ரூபாய்கூடச் செலவழிக்கத் தயங்காத ரசிகர்கள் பெருநகரங்களில் உருவாகிவிட்டார்கள். ஆனால் பெட்டியை மறைத்துவைத்துக் கேட்கச் சொன்னால் கதை மாறுகிறது.

மேஜை மீது இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள். ஒன்று 8,000 ரூபாய், இன்னொன்று 80,000. ஹெட்ஃபோன் ஒன்றுதான், பாட்டும் ஒன்றுதான். வாடிக்கையாளர் முதலில் மலிவானதைக் கேட்கிறார். பரவாயில்லை என்பது போலத் தலையாட்டுகிறார். கடைக்காரர் ஒயரைப் பிடுங்கி அடுத்ததில் செருகுகிறார். வாடிக்கையாளரின் புருவம் உயர்கிறது. குரல் முன்னால் வந்து நிற்கிறது, பின்னணியில் இதுவரை காதில் விழாத வயலின்கள் எழுகின்றன, மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சில் இடிக்கிறது. அரை மணி நேரத்தில் கடன் அட்டை வெளியே வந்துவிடுகிறது.

மும்பையின் லாமிங்டன் சாலையோ, தில்லியின் நேரு பிளேஸோ, பெங்களூரின் எஸ்.பி. சாலையோ, எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சி இது. அந்த மேஜை மேல் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்திருந்தால் இன்னொரு தகவலும் கிடைத்திருக்கும்: இரண்டாவது பெட்டி கொஞ்சம் உரக்க ஒலித்தது.

இதற்குக் கடைக்காரர் தில்லுமுல்லு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு பெட்டிகளின் குமிழ்களையும் ஒரே இடத்தில் திருப்பி வைத்தாலும் அவை ஒரே அளவு வோல்டேஜைத் தருவதில்லை. ஒரு டெசிபல் வித்தியாசம் இருந்தால் ‘சத்தம் கூடிவிட்டது’ என்று யாருக்கும் தோன்றாது. ‘தெளிவு கூடிவிட்டது’ என்றுதான் தோன்றும். காதின் சுபாவம் அப்படி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வரைந்து காட்டிய வளைகோடுகள் இதற்கு ஒரு விளக்கம் தருகின்றன. ஒலி குறைவாக இருக்கும்போது அடிநாதமும் உச்சமும் நம் காதுக்கு மங்கிவிடுகின்றன. ஒலியைக் கூட்டும்போது அவை விகிதத்தை மீறி மேலெழுகின்றன. அதாவது, உரக்க ஒலிக்கும் பெட்டி எப்போதுமே ‘நிறைவாக’ இருக்கும். ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிட உட்காரும் பத்துப் பேரில் எத்தனை பேர் முதலில் வோல்டேஜை அளந்து சமன் செய்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலான விவாதங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

அளந்து சமன் செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ பத்திரிகை 1987 ஜனவரி இதழில் வெளியிட்ட சோதனை இன்றும் ஆடியோ ரசிகர்களைச் சண்டைக்கு இழுக்கிறது. சுமார் 220 டாலர் ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபயர் வரை வரிசையாக வைத்து, ஒலி அளவைச் சமன் செய்து, எது எது என்று தெரியாதபடி 25 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்களில் ‘ஆம்ப்ளிஃபயருக்கு ஆம்ப்ளிஃபயர் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம்’ என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு, அதைக் கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. முடிவு: இரு தரப்பும் காசைச் சுண்டிப் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பெண்ணையே ஏறக்குறைய வாங்கினார்கள். அந்தச் சோதனை ஹெட்ஃபோனில் அல்ல, ஒலிபெருக்கியில் நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடிப்படை மாறவில்லை.

அதைவிடச் சுவாரஸ்யமானது 1985இல் பாப் கார்வர் செய்த காரியம். கார்வர் ஆம்ப்ளிஃபயர் தயாரிப்பாளர், எஞ்சினியர், கொஞ்சம் வித்தைக்காரரும்கூட. ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகை எதை மிகச் சிறந்த ஆம்ப்ளிஃபயர் என்று தேர்ந்தெடுக்கிறதோ, அதன் குரலைத் தன்னுடைய மலிவான பெட்டியில் அப்படியே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சவால் விட்டார். பத்திரிகை ஆசிரியர்கள் பல மடங்கு விலையுள்ள ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து வைத்தார்கள். கார்வர் சாலிடரிங் இரும்பும் கையுமாக உட்கார்ந்தார். அவருடைய உத்தி எளிமையானது. இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே இசையைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழிப்பது. மிஞ்சுவதுதான் வித்தியாசம். ஆரம்பத்தில் மிச்சம் கணிசமாக இருந்தது, ஆசிரியர்களும் இரண்டையும் பிரித்துச் சொன்னார்கள். கார்வர் இங்கே ஒரு ரெஸிஸ்டர், அங்கே ஒரு கெபாசிடர் என்று மாற்றிக்கொண்டே போனார். மிச்சம் 70 டெசிபலுக்கும் கீழே போனபோது, தங்கள் காதுகளை நம்பிப் பத்திரிகை நடத்தியவர்கள் கையை விரித்தார்கள். இந்தக் கதையில் பலரும் தவறவிடும் பாதி ஒன்று உண்டு. முதலில் வித்தியாசம் இருந்தது, அது காதிலும் கேட்டது. காரணம் மாயமல்ல, அளந்து நகல் எடுக்கக்கூடிய ஒன்று.

ஹெட்ஃபோன் விஷயத்தில் அந்த ‘ஒன்று’ பெரும்பாலும் வெளியீட்டு மின்தடை. ஓம் கணக்கில் சொல்லப்படும் இந்த எண்ணை விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டியது அதைத்தான். சென்ஹைசர் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த எச்.டி. 600 ஹெட்ஃபோனை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் நீண்ட நாளாகக் குடியிருக்கும் மாடல். அதன் மின்தடை 300 ஓம் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். ஆனால் அது எல்லாச் சுருதிக்கும் 300 அல்ல. 100 ஹெர்ட்ஸ் அருகே சுமார் 500 ஓம் வரை ஏறுகிறது. மின்தடை ஏறக்குறைய பூஜ்யமாக உள்ள ஆம்ப்ளிஃபயரில் இதனால் ஒன்றும் ஆகாது. அதையே 120 ஓம் உள்ள பழைய பாணி ஆம்ப்ளிஃபயரிலோ சில வால்வுப் பெட்டிகளிலோ செருகினால், அடிநாதம் மற்றவற்றைவிட ஒரு டெசிபல் அளவுக்குத் தூக்கிக் காட்டும். ‘வால்வின் இதமான வெதுவெதுப்பு’ என்று ரசிகர்கள் உருகுவதில் ஒரு பங்கு இந்த வகுத்தல் கணக்குதான்.

காதுக்குள் செருகும் இயர்ஃபோன்களில் கணக்கு இன்னும் விபரீதமாகப் போகும். ஒரே கூட்டுக்குள் நான்கைந்து குட்டி டிரைவர்களை அடைத்த மாடல்களில் மின்தடை ஒரு சுருதியில் 8 ஓம், இன்னொன்றில் 60 ஓம் என்று ஊசலாடலாம். அதை 10 ஓம் வெளியீடு உள்ள பெட்டியில் மாட்டினால் இரண்டு சுருதிகளுக்கும் இடையே கிட்டத்தட்ட 6 டெசிபல் ஏற்றத்தாழ்வு வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கச் செவிஞானம் வேண்டாம், செவி இருந்தாலே போதும். இப்படிப்பட்ட நுண்ணுணர்வுள்ள இயர்ஃபோன்களில் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலும் ‘உஸ்’ஸென்று கேட்கும். அதுவும் உண்மையான வித்தியாசமே.

அடுத்தது சக்தி. பெரும்பாலான ஹெட்ஃபோன்களுக்குக் கைபேசியோடு இணைக்கும் சுண்டுவிரல் நீள அடாப்டரே போதும் என்பது பெரிய ஆம்ப்ளிஃபயர் விற்பவர்களுக்குக் கசப்பான செய்தி. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. சீனாவின் ஹைஃபைமேன் 2010இல் வெளியிட்ட எச்.ஈ. 6 பிரசித்தி பெற்ற முரட்டுக் குதிரை. ஒரு மில்லிவாட் கொடுத்தால் 83.5 டெசிபல்தான் தரும், மின்தடை 50 ஓம். ஒரு வோல்ட் தரும் அடாப்டரில் அது 96 டெசிபலைத் தாண்டித் திணறும். இசைக்குழு முழு மூச்சில் எழும் கணத்தில் 110 டெசிபல் உச்சம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 450 மில்லிவாட், அதாவது ஐந்து வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தேவை. இங்கே தனி ஆம்ப்ளிஃபயர் ஆடம்பரமல்ல. ப்ளூடூத் ஹெட்ஃபோன் வாங்குகிறவர்களுக்கோ இந்தத் தலைவலியே இல்லை. ஆம்ப்ளிஃபயர் ஹெட்ஃபோனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, மாற்றவும் முடியாது.

அப்படியென்றால் ஹெட்ஃபோன்கள்? இங்கே நிலைமை தலைகீழ். இரண்டு நல்ல ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே அரை டெசிபலைத் தேடி அலைய வேண்டும். இரண்டு நல்ல ஹெட்ஃபோன்களுக்கு இடையே ஐந்து, எட்டு, பத்து டெசிபல் வித்தியாசங்கள் சர்வசாதாரணம். கண்ணைக் கட்டிவிட்டாலும் யாரும் சொல்லிவிடுவார்கள். ஒரே ஹெட்ஃபோனைக் கழற்றி மாட்டினாலே, மெத்தை காதின் மேல் அரை அங்குலம் நகர்ந்து உட்கார்ந்தாலே, ஒலி மாறுகிறது. மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு மெத்தைக்கும் தலைக்கும் இடையே விழும் சிறு இடைவெளியில் அடிநாதம் ஒழுகிப்போகிறது.

சிக்கலின் வேர் காதின் அமைப்பில் இருக்கிறது. செவிக்குழல் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனை மூடிய புல்லாங்குழல் போல. அதனால் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை அது தானாகவே பெருக்கிவிடுகிறது. இதற்குப் பழகிய மூளை, அந்த மேடு ஹெட்ஃபோனிலும் இருந்தால்தான் ஒலியை இயல்பானது என்று ஒப்புக்கொள்கிறது. மேடு எவ்வளவு உயரம், அடிநாதம் எவ்வளவு தூக்கலாக இருக்க வேண்டும் என்பதை ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் 2012 முதல் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். எந்த பிராண்ட் என்று காட்டாமல் கேட்கவைத்தபோது, பெரும்பாலோரின் விருப்பம் ஒரே வளைகோட்டைச் சுற்றிக் குவிந்தது. ‘ஹார்மன் வளைகோடு’ என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். எல்லோருக்கும் அது வேதமல்ல. சிலருக்கு அடிநாதம் இன்னும் வேண்டும், சிலருக்குக் குறைய வேண்டும்.

விலை? யேரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டு 2017இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். சுருதிவாரியான ஒலிப் பரவலுக்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. அதிக விலை கொடுத்தால் நல்ல தோல், உலோகம், தலையை உறுத்தாத மெத்தை, மாற்றக்கூடிய உதிரிபாகங்கள் கிடைக்கலாம். நல்ல ஒலியும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சென்ஹைசர் 1991இல் சுமார் 300 மட்டுமே செய்த ‘ஆர்ஃபியஸ்’ போன்றவற்றை வாங்குகிறவர்கள் வேறு ஜாதி, அவர்களை விட்டுவிடலாம்.

எதைப் போட்டுச் சோதிப்பது என்பதில் இந்திய ரசிகருக்கு ஒரு வசதி இருக்கிறது. மேற்கத்திய விமர்சகர்கள் ஜாஸ் டிரம்ஸையும் பெண் குரலையும் கட்டிக்கொண்டு அழும்போது, இங்கே தம்புராவும் மிருதங்கமும் இருக்கின்றன. கல்கத்தாவில் இருந்த காலத்தில் சி.வி. ராமன் இவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வலந்தலையின் கருப்புப் பூச்சுதான் சாதாரண முரசில் தறிகெட்டு ஒலிக்கும் மேற்சுரங்களை ஒழுங்கான சுருதி விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று 1920இல் காட்டினார். தம்புராவின் வளைந்த பாலமும் அதன் மேல் கிடக்கும் நூலும், கம்பியைச் சுண்டிய இடத்தை வைத்துப் பார்த்தால் எழக் கூடாத மேற்சுரங்களையும் எழுப்புகின்றன என்று 1921இல் எழுதினார். அந்த மேற்சுரச் சரம் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை இடைவெளியின்றி நீள்கிறது. ஹெட்ஃபோனில் எங்கேனும் பள்ளம் இருந்தால் தம்புராவின் ரீங்காரம் கம்பளி போர்த்தியது போலாகிவிடும். எங்கேனும் மேடு இருந்தால் தகரம் போல் இரையும். மிருதங்கத்தில் தொப்பியின் கும்காரமும் வலந்தலையின் ‘நம்’மும் ஒரே ஆளிடமிருந்து வருவதாகத் தோன்ற வேண்டும். பல அடிநாதப் பிரியர் மாடல்களில் இடது கை மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து வாசிப்பது போல இருக்கும்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறிடத்தில் காத்திருக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். சத்தமான ரயில் பெட்டியில் திறந்த வகை ஹெட்ஃபோனை மாட்டினால், ஓட்டத்தின் இரைச்சலை அமுக்க ஒலியைக் கூட்டியே தீர வேண்டும். வீட்டின் அமைதியில் அற்புதமாக ஒலிக்கும் அதே மாடல் பயணத்தில் காதுக்கு எமன். மூடிய வகையோ, இரைச்சலை நீக்கும் வகையோ அங்கே ஒலித்தரத்தில் ஒரு படி கீழே இருந்தாலும் புத்திசாலித்தனமான தேர்வு. போதுமான சக்தியைத் தாண்டிய ஆம்ப்ளிஃபயரும் இதே ஆபத்துக்குத் துணைபோகிறது. குமிழைத் திருப்ப இடம் இருந்தால் கை திருப்பத்தான் செய்யும். செவியின் உள்ளே இருக்கும் மயிர்ச் செல்கள் ஒருமுறை போனால் போனவைதான், அவற்றுக்கு உதிரிபாகம் கிடையாது.

சந்தேகம் தீராதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், ஒரு நாணயம், பொறுமையுள்ள ஒரு நண்பர். ஹெட்ஃபோனை மாட்டிய நிலையிலேயே ஒரு சோதனைச் சுரத்தை ஒலிக்கவிட்டு, இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் பிசகாமல் ஒரே வோல்டேஜ் தரும்படி குமிழ்களைச் சரிசெய்ய வேண்டும். பிறகு நண்பர் நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா என்பதற்கேற்ப ஒயரை மாற்ற வேண்டும். கேட்பவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, எது என்று எழுதிவைக்க வேண்டும். நண்பர் முகத்தைப் பார்த்து ஊகிக்கும் வாய்ப்புகூட இருக்கக் கூடாது. இப்படி 16 முறை.

பதினாறில் 12 சரியாக வந்தால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க நூற்றுக்கு நான்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. வித்தியாசம் நிஜம் என்று நம்பி, அடுத்து வெளியீட்டு மின்தடையைப் பார்க்கலாம். எட்டோ ஒன்பதோ வந்தால், 80,000 ரூபாய்ப் பெட்டியைத் திருப்பித் தரக் கெடு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று ரசீதைப் பார்க்கலாம்.