ஆய்வின் மாதிரியும் இடாப்பில் இல்லாத மாணவரும்

கல்வியியல் பயிலும் மாணவர், ஆய்வு என்றதும் வினாக்கொத்துத் தயாரிப்பதிலேயே முதற்கண் ஈடுபடுகின்றனர். எவரிடம் வினவுவது என்ற பிரச்சினை பின்தள்ளப்படுகின்றது. ஆயின், ஆய்வின் முடிவைப் பெரிதும் நிர்ணயிப்பது அதுவே என நாம் கருதுகின்றோம்.

உதாரணமாக, மலையகத் தோட்டப் பகுதியொன்றில் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகளுக்கும் குடும்ப வருமானத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதாகக் கொள்வோம். தரம் 11 வரவு இடாப்பிலிருந்து எழுமாற்றாக 100 மாணவரைத் தெரிவுசெய்கின்றோம். தெரிவுமுறை செம்மையானதே, எனினும் வறுமை காரணமாகத் தரம் 8இல் இடைவிலகியோர் அவ்விடாப்பில் இல்லை. வறிய மாணவருள் தாக்குப்பிடித்து எஞ்சியோரே நம் முன் உள்ளனர். எனவே வறுமையின் பாதிப்பு உள்ளதிலும் குறைவாகவே தென்படக்கூடும். மாதிரியை 1000 ஆகப் பெருக்கினாலும் இவ்வழு நீங்காது.

இதனைத் தவிர்க்க, ஆய்வுக்குரிய குடித்தொகையை முதலில் வரையறுத்தல் வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய தரம் 6 இடாப்பை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொருவரும் இன்று எங்குள்ளனர் எனத் தேடலாம். வேறு பாடசாலைக்கு மாறியோரை இடைவிலகியோரிலிருந்து பிரித்தறிதல் அவசியம். தரம் 6ஐ எட்டாதோர் இதிலும் அடங்கார்; அவ்வெல்லையை ஆய்வாளர் வெளிப்படையாகக் குறிப்பிடவேண்டும்.

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை 1970களிலும் அதன் பின்னருமே அரசின் பொறுப்பில் வந்தன. இவ்வரலாற்றைக் கருத்திற் கொள்ளாது இடாப்பை மட்டும் நம்பும் ஆய்வு, சமூக ஏற்றத்தாழ்வை மாணவரின் திறமைக் குறைவாகக் காட்டிவிடும். அத்தகைய முடிவுகள் கொள்கை வகுப்போர் கைக்குச் செல்கையில் பாதிக்கப்படுவோரும் இடாப்பில் இல்லாத அம்மாணவரேயாவர்.