டாக்டருக்கு இரண்டு எஜமானர்கள்!

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெண். 1991-ம் வருஷம் அவளுக்கு அடிவயிற்றில் வலி. டாக்டரிடம் காட்டினாள். ஆறு நாள் கழித்து மறுபடியும் காட்டினாள். வயிற்றில் வீக்கம் இருப்பதை டாக்டர் கண்டார். ஸ்கேன் எடுக்க வேண்டும்.

உள்ளூரிலேயே ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர் அங்கே அனுப்பவில்லை. 50 மைலுக்கு அப்பால், தங்கள் நிறுவனத்தின் கிளையில்தான் எடுக்க வேண்டும், எட்டு நாள் பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அதற்குள் குடல் வால் வெடித்துவிட்டது! அவள் உயிர் பிழைத்தாள். கோர்ட்டுக்குப் போனாள்.

மிச்சம் பிடித்தால் பங்கு

அவள் ஒரு வைத்தியத் திட்டத்தில் சேர்ந்திருந்தாள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட திட்டங்கள் ஏராளம். உறுப்பினருக்காக முன்கூட்டியே பணம் கட்டிவிட வேண்டும். நோய் வந்தால் செலவைத் திட்டம் பார்த்துக்கொள்ளும். செலவு போக மிஞ்சுவது லாபம். அவளுடைய திட்டத்துக்குச் சொந்தக்காரர்களே டாக்டர்கள்தான். வருஷக் கடைசியில் மிச்சப் பணம் அவர்களுக்குப் பங்கு!

பழைய முறை மட்டும் யோக்கியமா? ஒவ்வொரு வைத்தியத்துக்கும் தனியாகப் பீஸ் வாங்கியபோது, வேண்டாத பரிசோதனைக்கும் பணம் போயிற்று. அங்கே அதிகம் செய்தால் லாபம். இங்கே குறைத்தால் லாபம்.

சிகிச்சையில் நடந்த தவறுக்காக அவளுக்கு 35 ஆயிரம் டாலர் நஷ்ட ஈடு கிடைத்தது. ஆனால் பங்கு கொடுக்கும் ஏற்பாட்டை எதிர்த்த வழக்கு, 2000-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றது. செலவைக் குறைக்கும் டாக்டருக்குப் பணம் என்பது இந்த முறையோடு பிறந்தது. அதை மாற்றுவது சட்டம் செய்கிறவர்களின் வேலை என்று 9 நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள்.

ஒரு டாக்டரின் வாக்குமூலம்

லிண்டா பீனோ என்ற பெண் டாக்டர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். நோயாளியைப் பார்ப்பது அல்ல அவர் வேலை. காகிதத்தைப் பார்த்து, செலவு செய்யலாமா, கூடாதா என்று சொல்வது. 1987-ல் ஒருவரின் இருதய ஆபரேஷனுக்குப் பணம் தர முடியாது என்று எழுதினார். அந்த மனிதர் இறந்துபோனார். கம்பெனிக்கு 5 லட்சம் டாலர் மிச்சம்.

அந்தச் சாவுக்குத் தானே காரணம் என்று 1996-ல் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டியின் முன் அவர் சொன்னார். இதற்காக எந்தக் கோர்ட்டும் தன்னைக் கேட்கவில்லை, வேலையில் நல்ல பெயர்தான் கிடைத்தது என்றும் சொன்னார்.

பொய் எழுதும் டாக்டர்கள்

வேறு சில டாக்டர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். 1998-ல் 720 டாக்டர்களிடம் விசாரித்தார்கள். கம்பெனி பணம் கொடுப்பதற்காக நோயைப் பெரிதாக்கியோ, மாற்றியோ, இல்லாத அறிகுறியைச் சேர்த்தோ எழுதியதுண்டு என்று 100-க்கு 39 பேர் ஒப்புக்கொண்டார்கள்!

நோயாளியைக் காப்பாற்றத்தானே என்கிறார்கள் ஒரு சாரார். கம்பெனியிடம் பொய் சொல்லும் டாக்டரை நோயாளி எப்படி நம்புவான் என்கிறார்கள் மற்றவர்கள். அதோடு, பொய்யாக எழுதிய நோய் அந்த நோயாளியின் பெயரிலேயே ரிக்கார்டில் நின்றுவிடும். அடுத்து வரும் டாக்டர் அதை உண்மை என்று நம்பித்தான் மருந்து கொடுப்பார்.