தூக்கம் போனால் யாரிடம் போவது?

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு மனநோயாளிகளைக் கூட்டிவரும் குடும்பங்கள் ஒரு கனவுக்காகக் காத்திருப்பதுண்டு. நோய் தீர்ந்தது, ஊருக்குப் போகலாம் என்ற உத்தரவு கனவில் கிடைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அது வரும்வரை மாதக்கணக்கில் தங்கியவர்கள் உண்டு, ஆண்டுக்கணக்கில் தங்கியவர்களும் உண்டு. அந்த நம்பிக்கையைப் பழிப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. ஆனால் கனவு வர வேண்டுமென்றால் முதலில் தூக்கம் வர வேண்டும். மனநோய் பலருக்கும் தூக்கம் கெடுவதில்தான் தொடங்குகிறது. அந்தக் கட்டத்திலேயே அதை அடையாளம் காணத் தெரிந்த மருத்துவர் பக்கத்தில் இருந்தால் எத்தனையோ பயணங்கள் தேவைப்படாது.

கடலாடி ஒன்றியத்தைச் சேர்ந்த இதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடியின் காப்பகங்கள் மூடப்பட்டு, அங்கிருந்த 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். இன்று தர்காவுக்கு அருகிலேயே மனநல மருத்துவமும் கிடைக்கிறது. துவா என்னும் பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே நடக்கலாம் என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

சங்கிலி இன்று சட்டப்படி குற்றம். ஆனால் அதைக் கழற்றியதோடு கடமை முடிந்துவிடாது. அந்த இடத்தில் சரியான சிகிச்சை வர வேண்டும். அதற்கு மருத்துவர் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் பார்ப்பவர் பொது மருத்துவர்

கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கத்தில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டால் குடும்பம் நேராக மனநல நிபுணரிடம் போவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, பக்கத்துத் தனியார் டாக்டரிடமோ, சில வேளைகளில் மருந்துக்கடைக்கோ போகிறது. அங்கே இருக்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவர் தன் படிப்புக் காலத்தில் மனநலப் பிரிவில் இருந்தது சில வாரங்கள்தான். தூக்க மருத்துவம் அதைவிடக் குறைவு. இது அவர் குற்றம் இல்லை. ஆனால் படித்துப் பத்து இருபது ஆண்டுகளான பிறகும் அதே அறிவோடு மருந்து எழுதினால் பாதிக்கப்படுவது நோயாளிதான்.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோயின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறாமல் இருக்கிறார்கள். இந்த இடைவெளியை நிபுணர்கள் மட்டும் அடைத்துவிட முடியாது. பொது மருத்துவருக்குத் தொடர் பயிற்சி கொடுப்பதுதான் உடனே செய்யக்கூடியது.

மாறிவிட்ட பாடங்கள்

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைதான் முதல் வழி என்பது பழைய பாடம். தூங்கும் பழக்கத்தையும், தூக்கத்தைப் பற்றிய பயத்தையும் படிப்படியாக மாற்றும் நடத்தைச் சிகிச்சையே முதல் வழி என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி அறிவித்தது. இரவில் கடலுக்குப் போய்ப் பகலில் தூங்கும் மீனவரிடம், “என்ன வேலை, எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்?” என்று கேட்காமல் எழுதப்படும் மாத்திரை அவருக்கு உதவாது.

பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் தூக்க மூச்சுத்தடையின் அடையாளங்கள். பகல் முழுக்கச் சோர்வும் எரிச்சலும் இருப்பதால் இது மனச்சோர்வு போலவே தோன்றும். இப்படிப்பட்டவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் மூச்சுத்தடை இன்னும் மோசமாகலாம். மனநோய் மருந்துகள் சில எடையைக் கூட்டும், அதனாலும் இந்தத் தடை வரலாம்.

இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் போகிறவருக்கு இருப்பது வெறும் தூக்கமின்மை இல்லை. அது இருதுருவ நோயின் எழுச்சியாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் எழுச்சி கூடிவிடக்கூடும்.

விழிப்பு வந்தும் உடலை அசைக்க முடியாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்து அழுத்துவதுபோல் இருப்பதை ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவுத் தூக்கத்தில் தளர்ந்திருக்கும் தசைகள் விழிப்புக்குப் பிறகும் சில நொடிகள் அப்படியே இருப்பதுதான் இதற்குக் காரணம். இது தெரிந்த மருத்துவர் இரண்டு நிமிடம் விளக்கினால் போதும், ஒரு பெண்ணைப் பேய் பிடித்தவள் என்ற பெயரிலிருந்து காப்பாற்றிவிடலாம்.

வாலிநோக்கம் உப்பளங்களில் வெயிலில் நிற்பவர் இருதுருவ நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறார் என்று வையுங்கள். வியர்வையில் நீரும் உப்பும் குறையும்போது சிறுநீரகம் லித்தியத்தை உடலிலேயே தேக்கிவைக்கும். உடல்வலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரையும் போட்டுக்கொண்டால் அளவு இன்னும் ஏறும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் ஆகியவை நச்சாகிவிட்டதன் அறிகுறிகள். அந்த நோயாளிக்கு ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவருக்கு மறந்துபோகக் கூடாது.

சட்டம் சொல்வது

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பிரிவு 31: அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் பணியாற்றும் எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மனநலச் சிகிச்சையிலும் அவசர மனநலச் சிகிச்சையிலும் பயிற்சி தர வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்த பத்து ஆண்டுகளுக்குள், அதாவது 2028-க்குள், மக்கள்தொகைக்கு ஏற்ற மனநலப் பணியாளர் எண்ணிக்கையை உலக அளவுகோலுக்கு உயர்த்த வேண்டும்.

பிரிவு 95: எந்த வகையிலும் எவரையும் சங்கிலியால் கட்டக்கூடாது. மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இல்லாமல் மின்னதிர்ச்சிச் சிகிச்சை கூடாது.

பிரிவு 18: அத்தியாவசிய மனநல மருந்துகள் அரசின் சமுதாய நல மையத்திலிருந்து மேலுள்ள எல்லா மருத்துவமனைகளிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

பிரிவு 25: தன் மருத்துவப் பதிவேடுகளைப் பார்க்க நோயாளிக்கு உரிமை உண்டு.

இவை தவிர, இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை, மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்கிறது. அந்த 30 மணியில் ஒரு பகுதியாவது தூக்கத்துக்கும் மனநலத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2018 முதல் இணைய வழியில் பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி அளிக்கிறது. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலாடியில் இருந்துகொண்டே கற்கும் வழி திறந்திருக்கும்போது தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் ஆகியவை எச்1 பட்டியலில் உள்ள மருந்துகள். சீட்டு இல்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்காதீர்கள். பல மாதம் சாப்பிட்ட அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் மெல்லக் குறைக்க வேண்டும்.

மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்:

“டாக்டர், இந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிடணும்?”
“பக்க விளைவு என்ன, ரத்தப் பரிசோதனை வேணுமா?”
“மாத்திரை இல்லாம வேற சிகிச்சை உண்டா?”
“குறட்டை இருக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?”

நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். தெரியாததை நிபுணரிடம் கேட்டுச் சொல்வார், அல்லது அவரிடமே அனுப்பிவைப்பார்.

குறை இருந்தால்

மனநல நிலையத்தில் சிகிச்சை சரியில்லை என்றால் முதலில் அங்குள்ள பொறுப்பு மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள். தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியம், அதன் பிறகு மாநில மனநல ஆணையம் என்று பிரிவு 28 வழி காட்டுகிறது. இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். எங்காவது ஒருவரைக் கட்டிப்போட்டிருப்பதைக் கண்டால் காவல் துறைக்குச் சொல்லுங்கள். இரவு எந்நேரமும் மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுப்புங்கள்: “நம்ம சுகாதார நிலைய டாக்டருக்குப் பிரிவு 31 சொல்ற மனநலப் பயிற்சி கிடைச்சிருக்கா?” அதைத் தீர்மானமாக எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். ஏர்வாடியில் இறந்த 28 பேருக்காக இப்படியொரு கேள்வியைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. நாம் இருக்கிறோம், கேட்போம்.